நகையும் வாய்மையும்: மேடையில் மார்க் ட்வைன்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அவையில் நின்று பேசுவது எளிய செயல் அன்று என்பதைத் தமிழ்ச் சான்றோர் நன்கு அறிந்திருந்தனர். திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறது. சமண முனிவர் பாடிய நாலடியாரும் அவையறிதலைத் தனி அதிகாரமாகக் கொண்டுள்ளது. பவணந்தி முனிவரின் நன்னூலோ, கேட்போர் உள்ளங்கொள்ளுமாறு பாடஞ் சொல்லும் முறையை ஆசிரியர்க்குரிய இலக்கணமாகவே வகுத்துரைக்கிறது.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணி, நகையை முதலில் நிறுத்துகிறது. நகை பிறக்கும் களன்கள் நான்கு என்றும், அவற்றுள் முதலாவது எள்ளல் என்றும் அந்நூல் கூறும். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. முதலாவதில் சிரிப்புக்கு இலக்காவோர் பிறர். இரண்டாவதில் இலக்காகுபவன் சொல்லுவோனே. மேடைப் பேச்சின் அறம் முழுவதும் இந்தச் சிறு பாகுபாட்டில் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

பேச்சையே தொழிலாகக் கொண்டு, இவ்விரு வழிகளிலும் நடந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. முதல் வழியில் அவர் இடறி விழுந்தார். இரண்டாம் வழியில் உயர்ந்தார். அவர்தாம் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன்.

மிசூரி மாநிலத்தில் 1835 நவம்பர் 30-ஆம் நாள் பிறந்த சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பவரே பிற்காலத்தில் அப்பெயரால் உலகறியப்பட்டார். மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமியாக அவர் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஆற்றின் ஆழத்தை அளக்கும் கயிற்றில் 12 அடி ஆழத்தைக் குறிக்கும் சொல் 'மார்க் ட்வைன்'. கப்பல் தரை தட்டாமல் செல்லலாம் என்னும் நம்பிக்கையைத் தருவது அந்த அளவு. அதனையே அவர் தம் புனைபெயராகக் கொண்டார்.

முதல் மேடை

1866-ஆம் ஆண்டில் 'சாக்ரமெண்டோ யூனியன்' என்னும் செய்தித்தாளுக்காக அவர் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று, நான்கு மாதங்கள் தங்கி மடல்கள் எழுதினார். சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் திரும்பியபோது கையில் பொருள் இல்லை. தீவுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. நண்பர் பலர் வேண்டா என்றனர். எனினும் நகரின் பெரிய அரங்கு ஒன்றைப் பாதி வாடகைக்கு, அதுவும் கடனாக, அமர்த்திக்கொண்டு அக்டோபர் 2-ஆம் நாளைக் குறித்தார்.

அதற்கென அவர் அச்சிட்ட விளம்பரம் நகரெங்கும் பேசப்பட்டது. சிறந்த இசைக்குழு ஒன்று நகருக்கு வந்துள்ளது. ஆனால் இந்நிகழ்ச்சிக்கு அமர்த்தப்படவில்லை என்றது அது. கொடிய விலங்குகளின் காட்சி ஒன்று அடுத்த தெருவில் நடைபெறும் என்றது. வாணவேடிக்கை நடத்த எண்ணியதுண்டு. அந்த எண்ணம் கைவிடப்பட்டது என்றும் சொல்லிற்று. இதில் ஒரு பொய்யும் இல்லை. பெரிய எழுத்தில் ஆசை காட்டி, சிறிய எழுத்தில் உண்மையைச் சொல்லும் அக்கால விளம்பர வழக்கத்தையே அவர் நகைப்புக்கு உரியதாக்கினார். ஏமாற்றாமலே சிரிக்க வைக்கலாம் என்பதற்கு இதுவே அவர் தந்த முதற் சான்று.

நாள் நெருங்கியபோது அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. இதனைத் தம் 'ரஃபிங் இட்' என்னும் நூலில் அவரே ஒளிவின்றி எழுதியுள்ளார். எவரும் சிரிக்கமாட்டார்களோ என்று அஞ்சி, இடிபோற் சிரிக்கும் நண்பர் மூவரை அரங்கில் ஆங்காங்கே அமரச் செய்தார். நகரின் மதிப்புக்குரிய அம்மையார் ஒருவரிடம், தாம் அவரை நோக்கிப் புன்னகைக்கும்போது சிரிப்பைத் தொடங்கிவைக்குமாறு வேண்டிக்கொண்டார். அன்று மாலை 6 மணிக்குப் பின்வாயில் வழியாகச் சென்று பார்த்தபோது அரங்கு இருண்டு வெறுமையாகக் கிடந்தது. மனமுடைந்து திரைக்குப் பின்னால் ஒதுங்கியவர், பிறகு இரைச்சல் கேட்டு மேடைக்கு வந்தபோது, கால் வைக்கவும் இடமின்றி அரங்கு நிறைந்திருந்தது. கைகால்கள் நடுங்க அவர் பேசத் தொடங்கினார். சிரிப்புத் தானாகவே வந்தது.

ஆனால் ஓரிடத்தில் அவர் வைத்த கண்ணியில் அவரே சிக்கினார். உருக்கமான பகுதி ஒன்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவை மூச்சடங்கிக் கேட்டது. அந்நேரத்தில் அவர் கண் தற்செயலாக அந்த அம்மையார் மீது பட்டது. அறியாமல் ஒரு புன்னகை எழுந்தது. ஏற்பாட்டின்படி அவர் கலகலவென்று நகைத்தார். அரங்கு முழுவதும் உடன் நகைத்தது. உருக்கம் பாழாயிற்று. ஏவி வரவழைத்த சிரிப்பு, உண்மையான உணர்ச்சி ஒன்றைத் தின்றுவிட்டது. சொல்ல வந்த பொருளுக்குத் துணைநிற்கும் வரையில்தான் நகைச்சுவைக்கு மேடையில் இடம் உண்டு என்பதற்கு இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கலையைக் கற்ற வகை

மார்க் ட்வைனுக்கு முன்னோடியாக விளங்கியவர் ஆர்ட்டிமஸ் வார்டு என்னும் புனைபெயர் கொண்ட சொற்பொழிவாளர். 1863-இன் இறுதியில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் இருவரும் சந்தித்தனர். வார்டு மேடையில் ஒருபோதும் சிரிப்பதில்லை. அவை ஏன் சிரிக்கிறது என்று விளங்காதவர் போலத் திகைத்து நிற்பார். நகைக்க வேண்டிய சொல்லை, ஏதோ நினைவில் தவறி விழுந்தது போல, மெல்ல நழுவ விடுவார்.

அந்தப் பாடத்தை மார்க் ட்வைன் பல்லாண்டுகள் பயின்று, 1895-இல் 'கதை சொல்வது எப்படி' என்னும் பொருளில் கட்டுரையாக வரைந்தார். வேடிக்கைத் துணுக்கைச் சொல்பவன் தானே முதலில் சிரிக்கிறான். சிரிக்க வேண்டிய இடத்தை உரத்த குரலில் காட்டித் தருகிறான். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்து மெச்சுதலை இரந்து நிற்கிறான். நகைச்சுவைக் கதை சொல்பவனோ, அதில் நகைப்புக்குரியது ஏதேனும் இருப்பதாகத் தனக்குத் தோன்றியதே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறான். முன்னது எவர்க்கும் கைவரும். பின்னதே கலை என்பது அவர் கருத்து.

அக்கலையின் உயிர்நாடி என்று அவர் கருதியது மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடும் சிறு இடைவெளி இம்மியும் கூடாமல், இம்மியும் குறையாமல் அமைய வேண்டும். நீண்டால் கேட்போர் வரப்போவதை ஊகித்துவிடுவர். குறைந்தால் அவர்கள் உள்ளம் அதற்கு ஆயத்தமாகியிராது. சிறுவயதில், சிற்றப்பனார் பண்ணையில் அடிமையாக இருந்த முதியவர் ஒருவர் இரவில் அடுப்படியில் சொல்லக் கேட்ட பேய்க்கதையை அவர் மேடைகளில் சொல்வதுண்டு. புதைத்த பொற்கையைத் திருடியவனைத் தேடி வரும் ஆவியின் கதை அது. 'யாரிடம் இருக்கிறது?' என்று ஆவி கேட்டவுடன் அவர் நிறுத்துவார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தியையே நோக்கியிருப்பார். மௌனம் முற்றிய நொடியில் அவளை நோக்கிப் பாய்ந்து விடையைச் சொல்வார். இடைவெளி சரியாக அமைந்தால் அவள் துள்ளி எழுவாள். சற்றே பிசகினாலும் கதை வீழ்ந்துவிடும். மேடைப் பேச்சில் தம்மை மிகவும் வருத்திய பகுதி அந்த ஒரு மௌனமே என்று அவர் எழுதியுள்ளார்.

பேச்சை நினைவில் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடும் சுவையானது. பத்துப் பகுதிகளின் முதல் எழுத்துகளைப் பத்து விரல் நகங்களில் மையால் எழுதிக்கொண்டு ஒருமுறை மேடையேறினார். எந்த விரல்வரை வந்தோம் என்பது சிறிது நேரத்தில் மறந்துபோயிற்று. முடிந்த எழுத்தை நாவால் நக்கி அழிக்கலாம். ஆனால் அவையோர் என்ன நினைப்பர்? பேசும் பொருளைவிடத் தம் நகங்களிலேயே அவர் அக்கறை காட்டுவதாக ஏற்கனவே பலர்க்குத் தோன்றியிருந்தது. உம் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பின்னர் ஓரிருவர் கேட்டேவிட்டனர்.

அதன்பின் படங்களை நாடினார். வைக்கோற்போர் ஒன்றும் அதனடியில் நெளிகோடு ஒன்றும் வரைந்தால் அது பண்ணை வாழ்க்கை பற்றிய பகுதி. சாய்கோடுகளும் ஒரு குடையும் வரைந்தால் அது பெருங்காற்றுப் பற்றிய பகுதி. வரைந்தபின் தாளை எறிந்துவிட்டாலும் படங்கள் கண்முன் நின்றன. பாடசாலைப் பிள்ளைகள் இன்றே கைக்கொள்ளத்தக்க எளிய முறை இது.

1884-85இல் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் என்னும் எழுத்தாளருடன் இணைந்து ஊர் ஊராகச் சென்றபோது வேறோர் உண்மையை அவர் உணர்ந்தார். நூலில் எழுதியதை அப்படியே படித்தால் அவையில் எடுபடுவதில்லை. எழுத்து நடை விறைப்பானது, கண்ணுக்கென அமைந்தது. எனவே நூலை மூடி வைத்துவிட்டு, கதைகளை மனனம் செய்து, எதிரே உள்ள ஒருவரிடம் உரையாடுவது போலச் சொன்னார். மேடைக்கு மேடை சொற்கள் மாறின. கதை நெகிழ்ந்து உயிர் பெற்றது. மனனம் செய்ததை அன்று மலர்ந்தது போலச் சொல்வதற்கு அவர் செலவிட்ட உழைப்பை அவையோர் அறியவில்லை. அறியாதிருந்ததே அவ்வுழைப்பின் வெற்றி.

புண்படுத்திய நகை

இத்தகைய வல்லாளரும் ஒருமுறை வழி தவறினார். 1877 டிசம்பர் 17 அன்று, கவிஞர் விட்டியரின் 70-ஆம் பிறந்தநாளை ஒட்டிப் பாஸ்டன் நகரில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழார் விருந்தளித்தனர். எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் ஆகிய மூதறிஞர் மூவரும் அவ்விருந்தில் வீற்றிருந்தனர். அவர்கள் முன்னிலையிலேயே மார்க் ட்வைன் ஒரு கதை சொன்னார். சுரங்கத் தொழிலாளி ஒருவனின் குடிசைக்கு நாடோடிகள் மூவர் வந்து, அம்மூவர் பெயரையும் சொல்லிக்கொண்டு, குடித்துக் கூத்தடித்து, சீட்டாட்டத்தில் ஏமாற்றி, காலணியையும் களவாடிச் சென்றதாகக் கதை.

சொல்லச் சொல்ல அவையின் முகம் கல்லாய் இறுகியதாகவே அவர் நினைவில் பதிந்தது. அடுத்துவந்த நாள்களில் செய்தித்தாள்களும் கடிந்தன. நாணம் தாளாமல் மூவர்க்கும் மன்னிப்பு வேண்டி மடல் எழுதினார். லாங்ஃபெல்லோவும் ஹோம்ஸும் கனிவாக மறுமொழி விடுத்தனர். எமர்சன் சார்பில் அவர் மகளார் எழுதினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் அப்பேச்சை எடுத்துப் படித்தபோது அதில் குற்றமில்லை என்றே அவருக்குத் தோன்றியது.

ஆராய்ந்து பார்த்தால் குற்றம் கதையில் இல்லை; இடத்தில் இருந்தது. அகவை முதிர்ந்தோர், விருந்தினராக வந்தோர், எழுந்து மறுமொழி சொல்ல இயலாதோர் ஆகியோரை நகைக்கு இலக்காக்கியதே பிழை. அவையறிதல் என்று பெரியோர் தனி அதிகாரம் வகுத்ததன் காரணம் இங்கே விளங்கும்.

கடனும் மானமும்

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை அதற்குப் பின்னரே வந்தது. அச்செழுத்துக் கோக்கும் பொறி ஒன்றில் முதலீடு செய்து பெரும்பொருள் இழந்தார். 1894 ஏப்ரலில் அவருடைய பதிப்பகம் நொடித்தது. ஏறக்குறைய 1,00,000 டாலர் கடன் நின்றது. ஒரு டாலருக்கு ஐம்பது காசு கொடுத்தால் போதும் என்று தீர்த்துக்கொள்ளச் சட்டத்தில் வழியிருந்தது. கடன் கொடுத்தோருள் பலர் அதற்கு இசைந்தனர். அவரோ, சட்டத்தைவிட மானம் கண்டிப்பான எசமானன் என்று கூறி, ஒரு காசும் குறையாமல் தருவதாக அறிவித்தார். மனைவி ஒலிவியாவும் அதையே விரும்பினார். நண்பர் ஹென்றி ரோஜர்ஸ் கணக்குகளை ஒழுங்குபடுத்தித் துணைநின்றார்.

பொருளீட்ட அவருக்கிருந்த கருவி நா ஒன்றே. 59 வயதில், காலில் பெரிய கட்டியுடன், 1895 ஜூலையில் உலகப் பயணம் தொடங்கினார். மனைவியும் இரண்டாம் மகள் கிளாராவும் உடன் சென்றனர். மூத்த மகள் சூசி, எல்மைரா ரயில் நிலைய மேடையில் மின்விளக்கின் ஒளியில் நின்று கையசைத்து வழியனுப்பினாள். அமெரிக்காவின் வடபகுதி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, தென்னாப்பிரிக்கா என ஓராண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளில் அவர் பேசினார்.

அப்பயணத்தில் அவர் விரும்பிச் சொன்ன கதைகளுள் தர்ப்பூசணிக் கதை ஒன்று. அறநெறி போதிக்க வந்தவர்போல அவர் தொடங்குவார். சிறுவனாயிருந்தபோது வண்டி ஒன்றிலிருந்து தர்ப்பூசணியைத் திருடியதையும், மறைவிடத்தில் உடைத்துப் பார்த்தபோது அது காயாக இருந்ததையும் கூறுவார். அக்கணமே நெஞ்சில் பச்சாத்தாபம் சுரந்தது. இந்நிலையில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ன செய்திருப்பார் என்று சிந்தித்தான் சிறுவன். பழத்தை உழவனிடமே திருப்பிக் கொடுத்தான். காயை விற்பது பெருங்குற்றம் என்று அவனுக்கு அறிவுரை புகட்டினான். அதற்கு ஈடாக நன்கு பழுத்த ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினான்!

அவை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தபின் ஒரு முள் தைக்கும். களவு காயாகப் போனபோது மட்டும் விழித்தெழும் மனச்சான்று அந்தச் சிறுவனிடம் மட்டுமா உள்ளது? தம்மைக் கள்வனாகக் காட்டிக்கொண்டதனால் அவையில் ஒருவரும் புண்படவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டனர். கள்ளாமை பற்றிய நீண்ட போதனை செய்யாததை இந்தச் சிறுகதை செய்தது.

ஹக்கிள்பெரி ஃபின் கதையிலிருந்தும் ஒரு பகுதியை அவர் சொல்வார். தப்பியோடும் அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதே அறம் என்று ஊரார் அச்சிறுவனுக்குக் கற்பித்திருந்தனர். பிடிக்க வந்தவர்களிடம், படகில் அம்மை நோயாளி இருப்பதாக அவர்கள் எண்ணுமாறு பேசி அவன் ஜிம்மைக் காப்பாற்றுகிறான். பின், தீமை செய்துவிட்டதாக வருந்துகிறான். ஊர் புகட்டிய மனச்சான்று கோணியிருக்கையில் உள்ளத்தின் இரக்கம் நேராக நின்றது என்பதை நகைச்சுவை ததும்ப அவர் விளக்கினார். எவ்வுயிர்க்கும் இரங்கும் குடும்பங்களில் வளர்ந்தோர்க்கு இக்கதையின் ஆழம் தனியே விளக்கப்பட வேண்டியதில்லை.

பம்பாயில்

1896 ஜனவரியில் அவர் பம்பாய் வந்தார். தங்கிய விடுதியில் ஐரோப்பியர் ஒருவர், பணியாளர் ஒருவரின் கன்னத்தில் காரணம் சொல்லாமல் அறைந்தார். அறைபட்டவர் வாய் திறவாமல் பணிந்து நின்றார். அக்காட்சி மார்க் ட்வைனை மிசூரியில் கழிந்த இளமைக்கு இழுத்துச் சென்றது. தம் தந்தையார் பண்பும் கனிவும் உடையவராயினும் அடிமைச் சிறுவனைச் சிறு பிழைகளுக்காக அறைந்ததையும், தமக்குப் பத்து வயதானபோது ஒருவர் இரும்புத்தாதுக் கட்டியை எறிந்து அடிமை ஒருவரைக் கொன்றதைக் கண்ணாற் கண்டதையும் பயண நூலில் எழுதினார். ஈன்ற தந்தையையும் மறைக்காத நேர்மை அது. அவருடைய நகைச்சுவைக்கு அடியில் ஓடிய ஆறு இதுவே.

அதே நகரில் அவர் சமணக் கோயில் ஒன்றுக்குச் சென்றார். உடன் நின்று சமயக் கோட்பாடுகளை விளக்கியவர், 1893-இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சமணத்தின் சார்பாளராக விளங்கிய வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. அவரும் பெரும் பேச்சாளரே. சிகாகோவில் இந்தியப் பிற சமயத்தார் மீது பழி சுமத்தப்பட்டபோது, தம் சமயம் தாக்கப்படாதிருந்தும், எழுந்து மறுத்துப் பேசிய பெருந்தகை அவர்.

அந்த விளக்கம் தெளிவாகவும் மிகச் சிறந்த ஆங்கிலத்திலும் அமைந்திருந்தது என்று மார்க் ட்வைன் பாராட்டினார். ஆயினும் நாளடைவில் அது நினைவினின்று மங்கிவிட்டது என்றும், உயர்ந்த, தூய, நுண்ணிய சிந்தனையுடைய சமயம் என்னும் மங்கிய எண்ணமே எஞ்சியது என்றும், கோயிலில் கண்ட திருவுருவுக்கும் அச்சிந்தனைக்கும் உள்ள தொடர்பு தமக்கு விளங்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். திருவுருவைப் பற்றிய அவர் சொற்கள் பக்தர்க்கு உவப்பானவை அல்ல. ஆனால் விளங்காததை விளங்கியதாகக் காட்டி நான்கு பக்கம் எழுதுவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும்; அதை அவர் செய்யவில்லை. தாம் கண்ட பக்கம் ஒன்றே என்று சொல்லும் அடக்கம், அநேகாந்தத்தைப் போற்றுவோர்க்கு அந்நியமானது அன்று.

முடிவில் நின்றது

1896 ஜூலை இறுதியில் அவர் இங்கிலாந்து சேர்ந்தார். கடனை அடைக்கும் பொருள் பெரிதும் சேர்ந்திருந்தது. ஆகஸ்ட் 18 அன்று மூளைக்காய்ச்சலால் சூசி மறைந்தாள்; அகவை 24. தாயும் தங்கையும் அவளைக் காண அட்லாண்டிக் கடலில் சென்றுகொண்டிருந்தனர். தந்தை அயல்நாட்டில் தனியே தந்தியைப் படித்தார். உலகைச் சிரிக்க வைத்த ஓராண்டின் முடிவில் அவருக்குக் கிடைத்த செய்தி இது. எனினும் சொன்ன சொல்லிலிருந்து அவர் பிறழவில்லை. பயண நூலை எழுதி முடித்தார். 1897-இல் அது வெளிவந்தது. 1898 தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது.

அவையோரே! மேடையில் உண்மையாக இருப்பது என்பது மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்டுவது அன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. நெடும்பயிற்சி வேண்டும், மௌனத்தின் அளவு தெரிய வேண்டும், அவையிலிருப்போர் யாவர் என்பதை அறிய வேண்டும். இவை எல்லாம் அமைந்தபின்னும், மேடையிலிருந்து இறங்கிய மனிதர் மேடையில் நின்ற மனிதராகவே இருக்க வேண்டும். களவைப் பற்றி நகைச்சுவையாகப் பேசியவர், கொடுக்க வேண்டிய கடனில் பாதியைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தால், தர்ப்பூசணிக் கதை அவரை நோக்கியே திரும்பியிருக்கும். முழுக் கடனையும் தீர்த்ததனால்தான் அக்கதை இன்றும் இனிக்கிறது.

திருமண அவைகளிலும் விழா மேடைகளிலும் பேச முன்வரும் இளைஞர்க்கு இதிலிருந்து கொள்ளத்தக்கவை உள்ளன. பேச்சில் நகைக்கு இலக்கு ஒருவர் வேண்டுமெனில், முதலில் தம்மையே நிறுத்திக்கொள்க. அவையிலுள்ள முதியவரையோ, எளியவரையோ, மறுமொழி கூற இயலாதவரையோ நிறுத்தாதொழிக. அறியாததை அறியேன் என்க. பிறர் கைதட்டலை ஏவி வாங்காதிருக்க. கொல்லாமை உடம்புக்கு மட்டும் உரியது அன்று. ஒரு சொல்லால் ஒருவர் முகம் வாடாமல் காப்பதும் அதன்பாற்பட்டதே. ஒருவர் முகமும் வாடாமல் அவை முழுவதும் மலருமாயின், அப்பேச்சு அறமும் ஆகும், கலையும் ஆகும்.